மங்கள சமரவீர: கேட்க வேண்டிய கணக்கும் கேட்கக் கூடாத கணக்கும்

2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 24 ஆம் திகதி முன்னாள் அமைச்சர் மங்கள சமரவீர கொவிட் நோயினாற் கொழும்பில் காலமானார். அப்போது நான் உயர்தர வகுப்பு மாணவன். நாடு முடக்கப்பட்டிருந்தமையால் கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள எங்கள் கிராமத்தில் யாவரும் வளவுகளுக்குள்ளேயே அடைபட்டிருந்தோம். வானொலியிற் செய்தி கேட்டதும், வேலிக்கு அப்பால் நின்ற பெரியவர் ஒருவர் இறந்தவரின் பாலியல்பைச் சுட்டும் இழிசொல் ஒன்றைச் சொல்லி, "அவன் போயிட்டானாம்" என்று சிரித்தார். எங்கள் முற்றத்திலிருந்த சிலரும் சிரித்தனர். நானும் சிரித்தேன், அதனை இங்கு மறைப்பது நேர்மையாகாது. சிரிக்காதவர் ஒருவரே. இறுதிப் போரின்போது காணாமல் ஆக்கப்பட்ட தம் மகனை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கும் அயல்வீட்டு மாமி அவர். "அந்தாள் எங்களுக்குத் தந்த வாக்கைக் காப்பாத்தேல்லை. அதுக்குக் கணக்குக் கேளுங்கோ. அந்தாள் ஆரோடை வாழ்ந்தாலும் எனக்கென்ன?" என்று கூறிவிட்டு அவர் எழுந்து போனார்.

அன்று மாமி கூறியதனை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மங்கள சமரவீரவிடம் ஈழத்தமிழர், சிறப்பாக வன்னி மக்கள், கேட்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அது கனதியானது, இன்னும் தீர்க்கப்படாதது. ஆனால் அவர் யாரை நேசித்தார் என்பது அக்கணக்கிற் சேராது. சேராததைச் சேர்ப்பதன் மூலம் நாம் நமது வழக்கை நாமே கெடுத்துக்கொள்கிறோம்; அத்தோடு நம்மிடையே வாழும் இளைஞர் சிலரின் வாயையும் அடைத்துவிடுகிறோம். பல்கலைக்கழகத்திற் பயிலும் நாம் இதனை வெளிப்படையாகப் பேசாவிடின் வேறு யார் பேசுவர்?

முதலில் அவருடைய அரசியல் வாழ்க்கையைச் சுருக்கமாக நோக்குதல் தகும். 1956 ஏப்ரல் 21 இல் மாத்தறையிற் பிறந்தவர் மங்கள. தந்தையார் மகாநாம சமரவீர ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தவர். மகன் கொழும்பு றோயல் கல்லூரியில் பயின்றார். பின்னர் லண்டன் சென்று சென் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் ஆடை வடிவமைப்புக் கற்றார். 1983 இல், இருபத்தேழு வயதில், தந்தையாரின் கட்சிக்கு மாத்தறையின் அமைப்பாளரானார். 1989 ஆம் ஆண்டுத் தேர்தலிற் பாராளுமன்றம் புகுந்தபோது அவருக்கு முப்பத்து மூன்று வயதும் நிறைந்திருக்கவில்லை. அன்று தொட்டு 2020 வரை மாத்தறை மக்கள் அவரைத் தொடர்ந்து தெரிவு செய்து வந்தனர். அஞ்சல் தொலைத்தொடர்பு, ஊடகம், துறைமுகம், வெளிவிவகாரம், நிதி எனப் பல துறைகளுக்கு அவர் அமைச்சராக இருந்தார்.

அவர் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. தமது தன்பாலீர்ப்பைப் பற்றி அவர் இளமையிலேயே மேடையேறிப் பிரகடனம் செய்தவரல்லர். ஆயின் ஊரார் வாயை அடைப்பதற்காக ஒரு பெண்ணை மணந்து அவளது வாழ்வையும் பாழாக்கும் வழியை அவர் நாடவில்லை. நம்மவர் பலர் 'கௌரவம்' எனக் கருதும் வழி அதுவே என்பதை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். காலப்போக்கில் அவர் மறைவின்றி வாழ்ந்தார். இலங்கையில் வெளிப்படையாகத் தன்பாலீர்ப்பாளராக அறியப்பட்ட முதல் முன்னணி அரசியல்வாதி என அவர் இறந்தபோது பலரும் எழுதினர்.

இளம் பாராளுமன்ற உறுப்பினராக அவர் செய்த முதற்பெரும் பணி காணாமற்போனோரின் அன்னையரைத் திரட்டியதாகும். 1987 முதல் 1989 வரையிலான மக்கள் விடுதலை முன்னணிக் கிளர்ச்சியையும் அதனை ஒடுக்கிய அரச பயங்கரத்தையும் அடுத்துத் தென்னிலங்கையில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர் காணாமற்போயினர். 1990 இல் மாத்தறையில் அன்னையர் முன்னணி உருவாவதற்கு மங்களவும் மகிந்த ராஜபக்சவும் முன்னின்றனர். கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ரிச்சட் டி சொய்சாவின் தாயாரான மருத்துவர் மனோராணி சரவணமுத்து அதன் தலைமையை ஏற்றார். 1992 யூன் மாதத்தில் அவ்வன்னையர் கொழும்பு முகத்துவாரத்திலுள்ள காளி கோயிலில் திரண்டு, தம் பிள்ளைகளைக் கொண்டுசென்றோரைச் சபித்து முறையிட்டனர். யாழ்ப்பாணத்துத் தாய்மார் அன்னையர் முன்னணி என்ற பெயரில் 1984 இலேயே தெருவிலிறங்கிவிட்டனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கைதான பிள்ளைக்காகத் தாய் தெருவுக்கு வரும் வழக்கத்தை வடக்கே முதலிற் கண்டது.

இதனை ஏன் கூறுகிறேன்? காணாமல் ஆக்கப்படுதல் என்பதன் பொருளை மங்கள சமரவீர புத்தகத்திற் கற்றவரல்லர். அழுத தாய்மாரின் அருகிலிருந்து அறிந்தவர். ஆகவேதான் அவரிடம் கேட்க வேண்டிய கணக்கு மற்றையோரிடம் கேட்பதிலும் பெரிதாகிறது. அறியாமையாற் செய்தேன் என்று கூறும் உரிமை அவருக்கு இல்லை.

அக்கணக்கின் முதற்பகுதி 1995 இல் தொடங்குகிறது. சந்திரிகா குமாரதுங்க அரசாங்கம் அதிகாரப் பகிர்வு யோசனைகளை முன்வைத்தபோது, அவற்றைச் சிங்கள மக்களிடம் எடுத்துச் செல்வதற்காக 'சுது நெலும்' எனப்பட்ட வெண்தாமரை இயக்கத்தை மங்கள வழிநடத்தினார். தெற்கின் கிராமங்களுக்குச் சென்று சமாதானம் பேசியது துணிவான செயலே, அதனை மறுத்தற்கில்லை. ஆனால் அதே ஆண்டு ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் வீடிழந்து வெளியேறினர். அவர்களுட் பெருந்தொகையினர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தனர். பள்ளிக்கூடங்களிலும் மரநிழலிலும் அவர்கள் தங்கிய கதையை எங்கள் பெற்றோர் இன்றும் கூறுவர். தெற்கில் வெண்தாமரை மலர்ந்த காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது தறப்பாள் கொட்டில். 'சமாதானத்துக்கான போர்' என்று அரசு பெயரிட்ட அந்தப் போரை நடத்திய அமைச்சரவையில் மங்கள இருந்தார், அதிலிருந்து விலகவில்லை.

இரண்டாம் பகுதி 2005 ஆம் ஆண்டுக்குரியது. மகிந்த ராஜபக்சவின் ஜனாதிபதித் தேர்தல் வெற்றிக்கு உழைத்தோருள் முதன்மையானவர் மங்கள. அவ்வெற்றியின் பின் வெளிவிவகார அமைச்சரானார். 2006 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடை செய்தது. ஆகஸ்ட் 14 இல் முல்லைத்தீவு மாவட்டத்தின் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானப்படை குண்டு வீசியது. பயிற்சிக்கு வந்திருந்த பாடசாலை மாணவியர் பலர் மாண்டனர். அக்காலத்தில் உலக மேடைகளில் அவ்வரசாங்கத்தின் குரலாக இருந்தவர் அவரே. 2007 பெப்ரவரியில் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்ட பின்னரே அவர் ராஜபக்ச குடும்ப ஆட்சியின் வெளிப்படையான எதிரியானார். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் நிகழ்ந்தவற்றுக்கு வழிசமைத்த ஆட்சியை அமர்த்தியோருள் தாமும் ஒருவர் என்ற பொறுப்பிலிருந்து அப்பதவி நீக்கம் அவரை விடுவித்துவிடாது.

மூன்றாம் பகுதியே மாமி குறிப்பிட்டது. 2015 இல் மீண்டும் வெளிவிவகார அமைச்சரான மங்கள, அவ்வாண்டு செப்டெம்பரில் ஜெனீவாவில் உரையாற்றி, உண்மையைக் கண்டறியும் ஆணைக்குழு, காணாமற்போனோர் அலுவலகம், நீதிப் பொறிமுறை, இழப்பீட்டு அலுவலகம் ஆகியவற்றை அமைப்பதாக உறுதியளித்தார். ஒக்ரோபர் 1 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையின் 30/1 ஆம் இலக்கத் தீர்மானம் இலங்கையின் இணை அனுசரணையுடன் நிறைவேறியது. அடுத்த ஆண்டு காணாமற்போனோர் அலுவலகச் சட்டம் வந்தது. ஆணையாளர்களோ 2018 இலேயே நியமனம் பெற்றனர். நீதிப் பொறிமுறை வரவேயில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். அதே மாதத்தில் வவுனியாவிலும் அடுத்த மாதத்தில் முல்லைத்தீவிலும் அமர்ந்தனர். விடை தெரியாமலே பெற்றோர் பலர் இறந்துவிட்டனர். 2020 பெப்ரவரியில் புதிய அரசாங்கம் தீர்மானத்தின் இணை அனுசரணையிலிருந்து விலகியதோடு, கையெழுத்தின் மையும் காய்ந்து உதிர்ந்தது. முகத்துவாரம் காளி கோயிலின் அன்னையருடன் நின்றவர், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் அன்னையருக்குக் கடனாளியாக மறைந்தார்.

இவையே கேட்க வேண்டிய கணக்குகள். இவற்றுள் எந்த ஒன்றையும் அவருடைய தன்பாலீர்ப்பு விளக்குமா? அவர் மனைவி மக்களுடன் வாழ்ந்திருந்தால் செஞ்சோலையில் குண்டு விழாதிருந்திருக்குமா? நீதிப் பொறிமுறை அமைந்திருக்குமா? போரை நடத்திய தலைவர்களும் தளபதிகளும் பெரும்பாலும் 'நல்ல குடும்பஸ்தர்'களாகவே தம்மைக் காட்டிக்கொண்டனர் என்பதை நாம் மறந்துவிட்டோமா?

இனி, கேட்கக் கூடாத கணக்கை யார் கேட்டனர் என்று பார்ப்போம். 2018 ஒக்ரோபர் 26 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரைப் பதவி நீக்கி மகிந்த ராஜபக்சவை அவ்விடத்தில் அமர்த்தினார். நவம்பர் 5 அன்று பாராளுமன்றத்தின் அருகே கூடிய கூட்டத்தில் அவர் தம் எதிராளிகளை வண்ணத்துப்பூச்சிக் கூட்டம் என்று எள்ளினார். சிங்களப் பேச்சுவழக்கில் வண்ணத்துப்பூச்சி என்பது தன்பாலீர்ப்பாளரை இழித்துரைக்கும் சொல். மேடையிலிருந்தோரும் கீழிருந்தோரும் சிரித்தனர். அட்டையாக இருப்பதிலும் வண்ணத்துப்பூச்சியாக இருப்பது தமக்கு உவப்பானது என மங்கள உடனேயே பகிரங்கமாக மறுமொழி கூறினார். நான்கு நாட்களின் பின் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. கலைத்தமை அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் டிசெம்பர் 13 இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இந்நிகழ்ச்சி வெறும் மேடைப் பகிடி எனத் தள்ளிவிடத் தக்கதன்று. தெற்கின் பேரினவாதிகள் மங்களவைத் தூற்றியமைக்குக் காரணம் அவருடைய பாலியல்பு மட்டுமா? ஜெனீவாவில் கையொப்பமிட்டு இராணுவத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்பதே அவர்மீது சுமத்திய முதற்குற்றம். இலங்கை சிங்கள பௌத்தருக்கு மட்டுமே உரிய நாடன்று, இங்கு வாழும் யாவருக்கும் உரியது என்று 2019 இல் அவர் கூறியபோதும் அதே கூச்சல் எழுந்தது. ஆண்மையுடையவன் நாட்டைக் காப்பான், ஆண்மையற்றவன் நாட்டை விற்பான் என்ற வீரக் கருத்தியலே அவ்வசைமொழியின் அடித்தளம். அக்கருத்தியலின்படி காணாமல் ஆக்கப்பட்டவருக்கு நீதி கேட்பது பேடிமை. கேள்வியின்றிக் கொல்வது வீரம். ஆகவே வண்ணத்துப்பூச்சி என்று அவரைப் பழித்த சிரிப்பு, நமது மாமியின் வழக்கையும் சேர்த்தே பழித்த சிரிப்பாகும். அச்சிரிப்பில் எங்கள் முற்றமும் கலந்துகொண்டது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வெட்கமாக உள்ளது.

இவ்விடத்தில் மூன்று ஆட்சேபங்கள் எழக்கூடும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: 'இது நமது பண்பாடன்று, மேனாட்டு இறக்குமதி' என்பது. இறக்குமதியானது எது? இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் ஆங்கிலேயர் இயற்றியது. 'இயற்கைக்கு மாறான' குற்றங்களைக் கூறும் அதன் 365 ஆம் பிரிவு பத்தாண்டு வரை சிறை விதிக்கலாம் என்கிறது. 365 அ பிரிவு இரண்டாண்டு வரை என்கிறது. விக்டோரியா மகாராணி காலத்து ஒழுக்கம் அது. பிரித்தானியாவோ தன் நாட்டில் அச்சட்டத்தைத் தளர்த்தி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நாமோ 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 365 அ பிரிவைப் பெண்களுக்கும் பொருந்துமாறு விரித்துக்கொண்டோம். எசமானன் கழற்றி எறிந்த சட்டையை அடிமை தன் பரம்பரைச் சொத்து என்று போர்த்துக்கொள்வது போன்றதே இப்பண்பாட்டு வாதம். இதே சட்டத்தின் உடன்பிறப்பான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு, வயதுவந்தோர் தம் விருப்பத்துடன் கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6 இல் தீர்ப்பளித்தது. இலங்கையில் அப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் பிரேரணை அரசியலமைப்புக்கு முரணன்று என நமது உயர் நீதிமன்றமும் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. அப்பிரேரணை சட்டமாகவில்லை.

பண்பாடு பற்றிப் பேசுவோர் தமிழிலக்கணத்தையாவது நோக்க வேண்டும். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர் எவ்வாறு வினைமுடிபு கொள்ளும் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் விதி வகுக்கிறது. அவ்விதி அவர்களை உயர்திணையில் வைக்கிறது. இது பால் திரிதல் பற்றியது, தன்பாலீர்ப்பு பற்றியதன்று, ஆகவே இதனைத் தன்பாலீர்ப்புக்குச் சான்றாக இழுத்துக் கட்டுவது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது. எனினும் வேறுபட்டோரை அஃறிணையாக்காமல், மொழிக்குள் அவர்களுக்கு இடம் தேட முயன்ற ஒரு மரபு நமக்குண்டு என்பது தெளிவாகிறது. இன்று நமது வாயிற் புழங்கும் இழிசொற்கள் அம்மரபுக்கு முன்னேற்றமா, வீழ்ச்சியா என்பதைத் தமிழ்ச் சங்கத்தார் சிந்திக்க வேண்டும். 'தன்னினச் சேர்க்கையாளன்' என்று நாம் எழுதிவந்த சொல்லே ஒரு மனிதனின் அன்பையும் துணையையும் விட்டுவிட்டுப் படுக்கையை மட்டும் காண்பது. ஏனைய மாந்தருக்கு இவ்வாறு பெயரிடுகிறோமா?

இரண்டாவது: 'காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், வேலையின்மை என எத்தனையோ தலைபோகும் பிரச்சினைகள் இருக்க இது இப்போது தேவையா?' என்பது. இக்கேள்வி புதியதன்று. சாதிக்கொடுமை பற்றிப் பேசியோரிடம் முதலில் இன விடுதலை என்றோம். பெண்ணுரிமை பேசியோரிடமும் அவ்வாறே கூறினோம். உள்ளூராட்சிச் சபைகளில் பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு இடம் 2018 ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே நடைமுறைக்கு வந்தது; அதுவும் சட்டம் கட்டாயப்படுத்திய பின்னரே வந்தது. 'முதலில் அது, பிறகு இது' என்ற வரிசையில் பிறகு என்பது ஒருபோதும் வருவதில்லை என்பதே நாம் கண்ட அனுபவம். மேலும், இவை வேறுவேறு பிரச்சினைகளும் அல்ல. தன் பிள்ளையைப் பற்றிய உண்மையைத் தெருவில் நின்று கேட்கும் சமூகம், தன் வீட்டிலுள்ள இன்னொரு பிள்ளையிடம் உண்மையைச் சொல்லாதே என்று வாயைப் பொத்துவது எவ்வாறு பொருந்தும்?

மூன்றாவது ஆட்சேபம் இடதுசாரி நண்பர்களுடையது. 'மங்கள மேட்டுக்குடியினர், அமைச்சரின் மகன், லண்டனிற் படித்தவர், அவருக்கு என்ன துன்பம் நேர்ந்தது?' என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. பணமும் குலப்பெயரும் கட்சியும் அவருக்குக் கவசமாயின. அந்தக் கவசத்தை அணிந்தபடியே ஆட்சியில் இருந்தபோதும் 365 ஆம் பிரிவை நீக்குவிக்க அவரால் இயலவில்லை. 2017 சனவரியில் மனித உரிமைகள் தேசியச் செயற்றிட்டத்திலிருந்து இவ்விடயத்தை அமைச்சரவை விலக்கியபோது அவர் அந்த அமைச்சரவையின் உறுப்பினர். எனவே இங்கும் அவரிடம் ஒரு கணக்கு உண்டு. ஆனால் அது அவர் தன்பாலீர்ப்பாளராக இருந்ததற்கான கணக்கன்று, தம்மைப் போன்ற எளியோருக்குச் சட்டப் பாதுகாப்புத் தேடித் தராததற்கான கணக்கு. இரண்டையும் குழப்பலாகாது. அமைச்சரின் மகனுக்கே நாட்டின் தலைவர் பொதுமேடையில் வசைமொழி வீசினாரெனில், முள்ளியவளையிலோ நெடுங்கேணியிலோ பிறந்த ஒரு கூலித் தொழிலாளியின் மகனின் கதி என்ன? வர்க்கப் பார்வை உடையோர் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. மேட்டுக்குடியினனுக்கு மட்டும் வாய்த்த சுதந்திரத்தைக் கண்டு அந்தச் சுதந்திரத்தையே பழிப்பது இடதுசாரி அரசியலாகாது. அதனை எல்லார்க்கும் உரியதாக்கக் கோருவதே இடதுசாரி அரசியல்.

'மக்கள் ஏற்கமாட்டார்கள்' என்பது இவையனைத்துக்கும் அடியில் ஓடும் அச்சம். மக்கள் மீது பழிபோடுவது கட்சித் தலைவர்களுக்கு எளிது. மாத்தறை கிராமங்கள் நிறைந்த, பௌத்தப் பற்று மிகுந்த மாவட்டம். அங்குள்ள விவசாயிகளும் மீனவரும் முப்பதாண்டுகள் மங்களவுக்கு வாக்களித்தனர். அவர் கட்சி மாறியபோதும் கைவிடவில்லை. கடல் கடந்த உதாரணம் ஒன்றையும் கூறலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அலன் ஸ்பியர் என்ற பல்கலைக்கழக வரலாற்று ஆசிரியர் 1972 இல் மாநில மேலவைக்குத் தெரிவானார். 1974 டிசெம்பரில் தாம் தன்பாலீர்ப்பாளர் என்று பத்திரிகைக்கு வெளிப்படையாகக் கூறினார். அவரது அரசியல் அத்தோடு முடிந்தது என்று எண்ணியோர் ஏமாந்தனர். 2000 ஆம் ஆண்டு ஓய்வு பெறும்வரை வாக்காளர் அவரை மீண்டும் மீண்டும் தெரிவு செய்தனர். 1993 இல் மேலவையின் தலைவரானார். பாலியல்பு காரணமாக வேலையோ வீடோ மறுக்கப்படலாகாது என்ற பாதுகாப்பை அவ்வாண்டே மாநில மனித உரிமைச் சட்டத்திற் சேர்ப்பித்தார். இரண்டு இடங்களிலும் வாக்காளர் கேட்டது ஒன்றே: எங்களுக்காக என்ன செய்தாய்?

நமது நிலையோ விசித்திரமானது. மாநில அரசியல்வாதிக்கு ஒப்பாக நம்மிடையே இருக்கக்கூடியவர் மாகாண சபை உறுப்பினர். வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21 இல் முதலும் கடைசியுமாக ஒரு தேர்தல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் அக்கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன. அவற்றை நிரப்பத் தேர்தல் கேட்கிறோம், கேட்பது நியாயமே. ஆனால் நாளை தேர்தல் வந்து, கிளிநொச்சியிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ ஆற்றலும் நேர்மையுமுள்ள இளைஞன் ஒருவன், தான் தன்பாலீர்ப்பாளன் என்பதை மறைக்காமல் வேட்பாளராக நிற்க முன்வந்தால் எந்தத் தமிழ்க் கட்சி அவனுக்கு இடமளிக்கும்? கட்சிக் காரியாலயத்தின் படியேறும் முன்னரே அவனை ஊரை விட்டு ஓட்டிவிடுவோம். அவன் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்ச் சேர்வான். பின்னர் 'நம்மிடையே அப்படிப்பட்டவர் எவரும் இல்லை' என்று பெருமை பேசுவோம். போரினாலும் புலம்பெயர்வினாலும் ஆட்பலம் குன்றிய வன்னி, தன் பிள்ளைகளைத் தானே துரத்தும் ஆடம்பரத்தை எவ்வாறு தாங்கும்?

இறுதியாக, நம்மை நோக்கியே விரலை நீட்ட விரும்புகிறேன். பகிடிவதைத் தடைச் சட்டம் 1998 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆயினும் நமது பல்கலைக்கழகங்களில் புதுமுக மாணவன் ஒருவனின் நடை சற்று மென்மையாக இருந்தால், குரல் சற்று மெல்லியதாக இருந்தால், அவனுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பட்டப்பெயர் வந்துவிடுகிறது. நான்கு ஆண்டுகளும் அப்பெயரே அவனுக்கு நிலைக்கிறது. விடுதி அறையிலும் சிற்றுண்டிச்சாலையிலும் அதனைச் சொல்லிச் சிரிப்பவர் யாவர்? மாலையில் மனித உரிமை பற்றிய கருத்தரங்கிற் கைதட்டும் நாமேதான். விரிவுரையாளர் சிலர் அதனைக் கேட்டும் கேளாதவர் போல நடக்கின்றனர். சிலர் புன்னகைக்கவும் செய்கின்றனர். ஜனாதிபதியின் மேடைக்கும் நமது விடுதிக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒலிபெருக்கி ஒன்றுதான்.

ஆகவே நான் வேண்டுவன மிக எளியவை. மாணவர் ஒன்றியமும் தமிழ்ச் சங்கமும் இவ்வசைமொழியைப் பகிடிவதையாகவே கொண்டு கண்டிக்க வேண்டும். பட்டப்பெயர் சூட்டப்பட்டவன் முறையிட்டால் அவனை மேலும் சிரிப்புக்கு ஆளாக்காமற் கேட்கும் ஆசிரியர் ஒருவராவது ஒவ்வொரு துறையிலும் இருக்க வேண்டும். 365 ஆம், 365 அ ஆம் பிரிவுகளை நீக்குமாறு கோருவோரின் பக்கத்தில் நமது பெயரும் இருக்க வேண்டும். ஏனெனில் அரசு எவரையும் அவரது இயல்புக்காகக் குற்றவாளியாக்கலாகாது என்று கூறும் தார்மீகத் தகுதி, பிறப்பின் காரணமாகவே சந்தேக நபராக்கப்பட்ட ஓர் இனத்துக்கு நிரம்ப உண்டு.

மங்கள சமரவீரவைப் புனிதராக்குமாறு நான் கேட்கவில்லை. அவர்மீதுள்ள கணக்கில் ஒரு சதத்தையும் குறைக்கவும் வேண்டாம். அவர் இறந்துவிட்டார், அவர் கையொப்பமிட்ட அரசு இருக்கிறது, அதனிடம் கேட்போம். ஆனால் கேட்கும் நாவு தூயதாக இருக்க வேண்டும். அன்று சிரித்த பெரியவர் இன்றும் எங்கள் அயலில் இருக்கிறார். மாமியும் இருக்கிறார். மகனின் படத்தை நெகிழியுறையில் இட்டுப் பையில் வைத்துக்கொண்டு இன்றும் போராட்டப் பந்தலுக்குப் பேருந்தேறுகிறார். இவ்விருவருள் யாருடைய பக்கத்தில் நிற்பது என்பதை இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொருவரும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நான் தீர்மானித்துவிட்டேன்.